கேட்க முடியாத கணக்கு: பிறையில் ஒரு மரண சகாய நிதி, 2020 முதல் 2023 வரை

இது மலேசியாவின் பினாங்கில், பிறை வட்டாரத்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் இயங்கும் மரண சகாய நிதியில் நடந்தது. சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்கள் இல்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், தொகைகளை மாற்றவில்லை. நான் கூட்டுறவுக் கழகங்களில் கணக்காய்வு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சிறு சங்கங்கள் கணக்கில் சிக்கிக்கொண்டால் கூப்பிடுவார்கள், போய்ப் பார்ப்பேன். இங்கேயும் கணக்குப் பார்க்கத்தான் கூப்பிட்டார்கள். கணக்கு சீக்கிரமே முடிந்துவிட்டது. ஒருவர் இன்னொருவரை எதனால் நம்புகிறார், எதனால் கைவிடுகிறார் என்பதைப் புரிந்துகொள்ளத்தான் மீதி மாதங்கள் போயின.

பின்னணி

செபராங் பிறையின் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வீடுகளை விட்டு வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான் இங்கே பெரும்பாலோர். தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் லயம் முழுக்கத் துண்டேந்திப் பணம் சேர்ப்பார்கள். அடுக்குமாடிக்கு வந்த பிறகு நான்காவது மாடியில் நடந்த சாவு ஒன்பதாவது மாடிக்கு மறுநாள்தான் தெரிகிறது என்ற நிலை வந்தது. அதனால் 1990களில் சிலர் கூடி நிதி ஒன்றைத் தொடங்கி, 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவும் செய்தார்கள். மாதம் 10 வெள்ளி (ரிங்கிட்) சந்தா. உறுப்பினர் வீட்டில் யாராவது இறந்தால் 2,000 வெள்ளி. தொடர்ந்து மூன்று மாதம் கட்டாவிட்டால் உறுப்பியம் போய்விடும். இந்தக் கடைசி விதியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் ஈமச்சடங்கு உதவி இருக்கிறது, சேமநிதி வாரியமான ஈபிஎஃப் மரண உதவியாக 2,500 வெள்ளி இருக்கிறது, அப்புறம் எதற்கு இது என்று வெளியாட்கள் கேட்பதுண்டு. அதற்கெல்லாம் பாரம் நிரப்பி, இறப்புப் பத்திரம் இணைத்து, காத்திருக்க வேண்டும். பந்தல்காரரும் சவ வண்டிக்காரரும் காத்திருக்க மாட்டார்கள். அன்று ராத்திரிக்குள் கையில் காசு வந்து சேரும் என்பதுதான் இந்த நிதியின் முழுப் பெறுமதி.

2020 தொடக்கத்தில் 142 வீடுகள் சந்தா கட்டிக்கொண்டிருந்தன. பொருளாளர் ஓர் அம்மையார். பிறை தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்பே அவரைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடும். பதினாறு வருடமாக அவரே பொருளாளர், அவரேதான் வசூலும். சம்பளம் போட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கெட்டி அட்டை போட்ட நோட்டோடு ஒவ்வொரு கதவாகத் தட்டுவார். பத்து வெள்ளியை வாங்கி, உறுப்பினர் கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மாமியாரின் சர்க்கரை எப்படி, பையனுக்கு எஸ்பிஎம் பரீட்சை எப்போது என்று விசாரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். ஆண்டுக் கூட்டம் நடக்கும், டீயும் வடையும் உண்டு, கணக்காய்வாளர்கள் இருவர் கையெழுத்துப் போடுவார்கள். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து அல்ல, பெரியக்கா நீட்டியதால்.

விரிசல் தொடங்கிய விதம்

கோவிட் பரவலால் 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கதவு தட்டுவது நின்றது. சங்கத்துக்கு வங்கிக் கணக்கு இருந்தது, ஆனால் பாஸ்புக் கணக்கு. கைப்பேசியில் பார்க்க முடியாது. யார் கட்டினார்கள் என்பது உடனே தெரிய வேண்டுமே என்று பெரியக்கா தன் மகனின் கணக்கு எண்ணை வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மகன் ஒவ்வொரு வரவையும் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்ப, அவர் நோட்டில் ஏற்றினார். அந்த நேரத்தில் ஒருவரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மே மாதம் ஒரு வீட்டில் குடும்பத் தலைவர் மாரடைப்பில் இறந்தார். சங்கக் கணக்கிலிருந்து பணம் எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும். சங்கத் தலைவரோ ஆணை வருவதற்கு முன்பு ஈப்போவில் மகள் வீட்டுக்குப் போனவர், மாநிலம் தாண்ட முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். பெரியக்காவின் கையிருப்பு 1,200 வெள்ளி. அதைக் கொண்டுபோய் கொடுத்தார். மீதி 800 வெள்ளி ஜூன் கடைசியில் போய்ச் சேர்ந்தது. காரணத்தை அந்த வீட்டு மூத்த மகனிடம் சொன்னார். மகன் அதைத் தாயிடம் சொல்லவில்லை. துக்கத்தில் மறந்திருப்பார், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஜூலையில் ஒரு குரல்பதிவு குழுக்களில் சுற்றியது. "ரெண்டாயிரம்னு சொன்னாங்க, ஆயிரத்து இருநூறுதான் கைக்கு வந்துச்சாம்." அவ்வளவுதான். பொய் இல்லை, பாதி உண்மை. ஆகஸ்டில் பெரியக்காவின் மகன் தவணையில் புது மோட்டார் வாங்கினார். இரண்டையும் ஒருவர் சேர்த்துச் சொல்ல, பத்துப் பேர் தலையாட்டினார்கள்.

2021 ஜனவரியில் பினாங்குக்கு ஆணை மறுபடி வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் தலைவர் என்னைக் கூப்பிட்டபோது 61 வீடுகள்தான் கட்டிக்கொண்டிருந்தன. 81 வீடுகள் விலகியிருந்தன. அந்த 81 வீட்டில் ஒருவர்கூட பெரியக்காவிடம் நேரே ஒரு கேள்வி கேட்கவில்லை. இந்த விவகாரத்தில் என்னை முதலில் நிறுத்தியது இதுதான்.

கேட்டதும் கண்டதும்

கணக்கைத் தொடுவதற்கு முன்பு ஆட்களோடு பேசினேன். கட்டுகிறவர்கள், நிறுத்தியவர்கள் இரு தரப்பும்.

கட்டிக்கொண்டிருந்தவர்கள் நம்பிக்கையால் கட்டுகிறார்கள் என்று நினைத்துத்தான் போனேன். பாதிப் பேருக்கு மேல் அப்படி இல்லை. ஏழாவது மாடியில் ஒரு லாரி ஓட்டுநர் சொன்னது அப்படியே: "நம்பிக்கையா? அதெல்லாம் தெரியாதுண்ணே. காசு திரும்புமான்னு கேட்டா, பாதிப் பாதின்னுதான் சொல்வேன். ஆனா பெரியக்கா வந்து வாசல்ல நிக்கும்போது எப்படிண்ணே இல்லைன்னு சொல்றது? அவங்களைத் திருடின்னு சொல்ற மாதிரி ஆயிடாதா?"

ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் கண்டதும் கிட்டத்தட்ட இதுதான். 1995இல் அமெரிக்காவில் பெர்க், டிக்ஹாட், மெக்கேப் என்ற மூவர் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒருவரிடம் 10 டாலர் கொடுப்பார்கள். அதில் எவ்வளவு வேண்டுமானாலும் பக்கத்து அறையில் இருக்கும் முகம் தெரியாத ஆளுக்கு அனுப்பலாம், அனுப்பியது மூன்று மடங்காகப் போய்ச் சேரும். அந்த ஆள் மனம் இருந்தால் கொஞ்சம் திருப்பித் தரலாம், இல்லையென்றால் முழுவதையும் வைத்துக்கொள்ளலாம். புத்திசாலி ஒரு காசும் அனுப்ப மாட்டான் என்பது பொருளியல் பாடம். 32 பேரில் 30 பேர் அனுப்பினார்கள், சராசரி 5.16 டாலர். திரும்பி வந்தது சராசரி 4.66 டாலர். லாபம் பார்த்து நம்புகிறார்கள் என்றால் இந்தக் கணக்கு உதைக்கும். பிறகு மனவியலாளர்களான டேவிட் டன்னிங், டெட்லெஃப் ஃபெட்சன்ஹவர் ஆகியோர் இதே வகைச் சோதனைகளை அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் நடத்தி இன்னும் துருவினார்கள். பணம் திரும்பும் என்ற எதிர்பார்ப்பு குறைவாக இருக்கும்போதும் பலர் பணத்தை ஒப்படைக்கிறார்கள். அதே அளவு வாய்ப்பு ஒரு குலுக்கலில் இருந்தால் காசு வைக்க மாட்டார்கள். எதிரில் இருப்பது மனிதர் என்பதால், அவருடைய நாணயத்தைச் சந்தேகிப்பதாகக் காட்டிக்கொள்வது மரியாதைக் குறைவு என்று மனம் தடுக்கிறது. 2014இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை இதை எதிர்பார்ப்பு என்று சொல்லாமல் மரியாதை என்றே சொல்கிறது. முன்பின் தெரியாதவரிடமே இப்படி என்றால், பதினாறு வருடம் வாசலில் நின்று மாமியாரின் சர்க்கரையை விசாரித்தவரிடம் கேட்கவா வேண்டும்.

கதவு தட்டல் நின்றபோது என்ன நடந்தது என்பது இப்போது விளங்கியது. வாசலில் ஆள் நிற்காதபோது இல்லை என்று யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. கைப்பேசியில் அந்தப் பத்து வெள்ளியை அனுப்பாமல் இருந்தால் போதும், யாரையும் அவமதித்ததாக ஆகாது. குரல்பதிவு வருவதற்கு முன்பே, ஏப்ரலிலும் மேயிலும், இருபதுக்கு மேற்பட்ட வீடுகள் தவறவிட்டிருந்தன. வேலை இல்லாதது ஒரு காரணம். ஆனால் சம்பளம் குறையாத வீடுகளும் அதில் உண்டு. வதந்தி இவர்களை விலக்கவில்லை, ஏற்கெனவே விலகியவர்களுக்கு அது ஒரு காரணம் கொடுத்தது என்பது என் கணிப்பு.

நிறுத்தியவர்களிடம் வேறொன்று. பத்து வெள்ளி பெரிய காசில்லை என்று எல்லாருமே சொன்னார்கள். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஒரு சாப்பாட்டுக் காசு. "போனா போகுது. ஆனா நம்ம ஆளுகிட்டேயே ஏமாந்தோம்னு இருக்கக்கூடாது" என்றார் ஒரு பள்ளி வேன் ஓட்டும் தங்கச்சி. ஐரிஸ் போனெட், ரிச்சர்ட் ஜெக்ஹாசர் ஆகிய இரு பொருளியலாளர்களும் 2004இல் இதைத்தான் அளந்து காட்டினார்கள். தோற்கும் வாய்ப்பு சமமாக இருந்தாலும், தோல்வி குலுக்கலால் வந்தால் மக்கள் ஏற்கிறார்கள், இன்னொரு மனிதர் செய்யக்கூடியது என்றால் இன்னும் கூடுதலான உறுதி கேட்கிறார்கள். பிறகு பிரேசில், சீனா, ஓமான், சுவிட்சர்லாந்து, துருக்கி, அமெரிக்கா என்று ஆறு நாடுகளில் பார்த்தபோதும் அந்தத் தயக்கம் இருந்தது. இதே தங்கச்சி வாரா வாரம் நாலு நம்பர் லாட்டரி எடுப்பவர். அங்கே போகும் பணத்துக்கு அவர் வருந்துவதில்லை.

இன்னொன்றும் கண்டேன். 2021 ஆகஸ்டில் கோவிட் சாவு ஒன்று. அந்த வீடு சந்தாவை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது. விதிப்படி பணம் இல்லை, அவர்களும் கேட்கவில்லை. ஆனால் நிதியை நம்பாமல் விலகிய அதே அக்கம்பக்கத்தார் ஆளுக்கு 20, 50 வெள்ளி என்று அந்த அம்மாவின் கையில் நேராகக் கொண்டுபோய் வைத்தார்கள். கொடுக்கும் மனம் எங்கேயும் போய்விடவில்லை.

கணக்குப் புத்தகம்

பெரியக்கா நோட்டு, பாஸ்புக், மகனுடைய வங்கி அறிக்கை எல்லாவற்றையும் ஒரு மைலோ டின்னில் போட்டுக் கொண்டுவந்தார். மகனின் கணக்கில் வந்த ஒவ்வொரு வெள்ளியும் அந்தந்த மாதமே வெளியே போய், சங்கக் கணக்கிலோ சாவு வீட்டிலோ சேர்ந்திருந்தது. மோட்டாருக்கும் நிதிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஆனால் பணம் குறைந்தது. நோட்டின்படி 11,300 வெள்ளி இருக்க வேண்டும், இருந்தது 7,820. துண்டு விழுந்தது 3,480.

நான் கேட்கவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டுக் காப்பியைக் குடித்தேன். சற்று நேரம் கழித்து டின்னின் அடியிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து வைத்தார். சில்லறைக் கடைகளில் கடன் எழுதி வைக்கும் 555 நோட்டு. அதில் 23 வீடுகள், மாதம் மாதமாகப் பாக்கி. மொத்தம் 4,120 வெள்ளி. 2019லிருந்தே, சில வீடுகளுக்கு இரண்டு வருடம் வரை. பெரிய நோட்டிலோ இவர்கள் எல்லாரும் கட்டியதாகக் கையெழுத்து இருந்தது. மூன்று மாதம் கட்டாவிட்டால் உறுப்பியம் போகும் என்ற விதி இருக்கிறதே, அதற்காக. "கட்டலைன்னு எழுதினா பேரை வெட்டணும் தம்பி. வெட்டின மறுமாசம் அந்த வீட்ல ஒண்ணு நடந்துச்சுன்னா, நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அந்தப் படி ஏறுவேன்?" சொந்தப் பணத்திலிருந்து 640 வெள்ளி போட்டிருந்தார். 4,120இல் 640 போனால் 3,480. சென் கணக்கு வரை சரி.

இத்தோடு முடியவில்லை. அந்த 23 வீடுகளில் இரண்டில் சாவு நடந்து, ஆளுக்கு 2,000 வெள்ளி கொடுக்கப்பட்டிருந்தது. மாதம் தவறாமல் கட்டியவர்களின் பணம், கட்டாதவர்களுக்கு, யாருக்கும் தெரியாமல் போயிருக்கிறது.

ஒருவர் நம்பத் தகுந்தவரா என்று பார்க்க மேயர், டேவிஸ், ஸ்கூர்மன் என்ற மேலாண்மை ஆய்வாளர்கள் 1995இல் மூன்று அளவுகோல்களை வைத்தார்கள். திறமை, நம்மீது நல்லெண்ணம், சொன்ன நெறியில் நிற்பது. பெரும்பாலும் மூன்றும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும் என்பது போலத்தான் நாம் பேசிக்கொள்கிறோம். இங்கே இரண்டாவதற்காக மூன்றாவது பலியாகியிருந்தது. நல்ல மனதுக்காரர், அந்த நல்ல மனதாலேயே பொய்ப் பதிவு எழுதியவர். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது, குறையவில்லை. ஆனாலும் பொய்ப் பதிவு பொய்ப் பதிவுதான், அறிக்கையில் அப்படித்தான் எழுதினேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

செயலவை மூன்று முறை கூடியது. செயலாளர் சங்கப் பதிவிலாகாவுக்கு உடனே எழுத வேண்டும் என்றார். சட்டப்படி அவர் பக்கம் நியாயம் இருந்தது. தலைவர் மறுத்தார். அவருக்குப் பெரியக்கா தங்கை முறை, அதையும் மறைக்காமல் சொன்னார். கடைசியில் எடுத்த நிலை இது: பணத்தை யாரும் எடுக்கவில்லை, பாக்கி யாரிடம் என்று தெரியும், எனவே முதலில் பொதுக்கூட்டத்தில் முழுத் தொகையையும் சொல்வது, உறுப்பினர்கள் கேட்டால் புகாருக்குப் போவது. ஆண்டு அறிக்கையில் திருத்திய கணக்கே போகும்.

கஷ்டமான கேள்வி அந்த 23 பெயர்கள். சொன்னால்தான் பெரியக்காவின் பெயர் முழுமையாகத் துலங்கும். சொன்னால் 23 குடும்பங்கள் லிஃப்டில் தலை நிமிர்ந்து நிற்க முடியாது. பெயர்களை வெளியிடுவதில்லை, பொதுக்கூட்டம் தேர்ந்தெடுக்கும் இரண்டு பேர் மட்டும் சின்ன நோட்டைப் பார்த்து உறுதி செய்வார்கள், அந்த 23 வீடுகளுக்கும் முன்கூட்டியே தனித்தனியாகச் சொல்லிவிடுவது என்று முடிவானது. இதற்கு முதலில் வாதாடியவர் பெரியக்காதான். தன் பெயரைவிட அவருக்கு அது பெரிதாக இருந்தது.

அப்புறம் வசூல் முறை. இளையவர்கள் எல்லாவற்றையும் கைப்பேசிக்கு மாற்றிவிடலாம் என்றார்கள். சங்கத்துக்கு இணையவழிக் கணக்கு திறப்பதை எல்லாரும் ஏற்றோம், திறக்கவும் செய்தோம். ஆனால் கதவு தட்டுவதை விட வேண்டாம் என்று நான் வற்புறுத்தினேன். இந்த நிதி ஓடிக்கொண்டிருந்ததே அந்த வாசல் நிற்றலால் என்பது பேட்டிகளில் தெரிந்த பிறகு, அதை எடுத்துவிட்டு வெறும் கணக்கு எண்ணை வைப்பது அடுப்பை அணைத்துவிட்டுப் பானையைத் துலக்குவது போல. வசூலுக்கு இனி இருவர் போவார்கள், அதில் ஒருவர் பெரியக்கா. பொருளாளர் பதவியிலிருந்து அவர் விலகினார். அது அவர் கேட்டது, மறுக்க நியாயமும் இல்லை. ஒரு தொழிற்சாலையில் கணக்குக் கிராணியாக இருக்கும் இளம்பெண் அந்த இடத்துக்கு வந்தார்.

எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசி ஏற்பாடு. கேள்வி கேட்பது அவமதிப்பு என்பதுதானே இங்கே நோய். அப்படியானால் கேட்பதை யாருடைய விருப்பத்துக்கும் விடக் கூடாது. மாதா மாதம் உறுப்பினர் பெயர்களைச் சீட்டாக எழுதிக் குலுக்கி இரண்டு பேரை எடுப்பது, அந்த இருவரும் அந்த மாதக் கணக்கை முழுதாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்று வைத்தோம். சந்தேகப்பட்டுக் கேட்டான் என்று ஒருவரும் சொல்ல முடியாது, சீட்டில் பெயர் வந்தது, கேட்டான்.

பின் நடந்தவை

பொதுக்கூட்டம் 2022 பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கீழ்த்தள மண்டபத்தில். கூட்டம் சுமுகமாக நடந்தது என்று எழுத மாட்டேன். தவறாமல் கட்டிய ஒருவர், "நான் மூட்டு வலியோட ஓவர்டைம் செஞ்சு கட்டினேன், அவங்களுக்குச் சும்மா குடுத்தீங்களா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. பெரியக்கா எழுந்து, "ஆமாய்யா, தப்புத்தான். கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும்" என்றார். கேட்டவர் அதற்குப் பிறகும் உட்காராமல் கொஞ்ச நேரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஆனால் அடுத்த மாதமும் கட்டினார். புகாருக்குப் போவது பற்றி வாக்கெடுப்பு நடந்தது, வேண்டாம் என்ற தரப்பு ஜெயித்தது. பாக்கிக்காரர்கள் தவணையில் கட்டலாம், முடியாதவர்களுக்குச் செயலவை தள்ளுபடி செய்யலாம் என்று தீர்மானம். 2022 முடிவுக்குள் பாதிக்கு மேல் வந்து சேர்ந்தது.

பெரியக்காவின் 640 வெள்ளியைத் திருப்பிக் கொடுக்கவும் தீர்மானித்தோம். வேண்டாம் என்றார். புதுப் பொருளாளர் விடவில்லை. "வாங்கலைன்னா இதுவும் கணக்குல வராத காசுதானே அக்கா" என்று ரசீதை நீட்டினார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

குலுக்கல் முதல் மாதமே தடுமாறியது. பெயர் வந்த ஒரு பெரியவர், "பெரியக்கா இருக்குற இடத்துல கணக்குப் பார்க்க நான் யாரு?" என்று வர மறுத்தார். பதவியில் இப்போது பெரியக்கா இல்லை என்று சொல்லியும் கேட்கவில்லை. அதனால் கணக்குப் பார்க்க வராதவருக்கு 5 வெள்ளி அபராதம் என்று செயலவை வைத்தது. சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் வேலை செய்தது. அபராதத்துக்குப் பயந்து வந்ததாகச் சொல்லிக்கொண்டே வருகிறார்கள், வந்தால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் பார்க்கிறார்கள். மூன்றாவது மாதம் ஒரு பாட்டி கூட்டலில் 10 வெள்ளி பிழையைக் கண்டுபிடித்தார். லிஃப்ட் அருகே ஒட்டிய கணக்குத் தாளோ ஒரு வாரம் தாங்கவில்லை. மேலே யாரோ கேஸ் சிலிண்டர் விளம்பரத்தை ஒட்டிவிட்டார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் போகிறது, எத்தனை பேர் திறக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

பொதுக்கூட்டம் முடிந்து இரண்டு மாதம் வரை திரும்பி வந்த வீடுகள் குறைவு. மார்ச்சில் ஐந்தாவது மாடியில் ஒரு சாவு. இரவு ஒன்பது மணிக்குள் 2,000 வெள்ளியைப் பொருளாளரும் பெரியக்காவும் சேர்ந்து கொண்டுபோய், வீட்டாரில் இரண்டு பேர் முன்னால் எண்ணிக் கொடுத்தார்கள். சாவு வீட்டில் உட்கார்ந்திருந்த நாற்பது ஐம்பது பேர் அதைப் பார்த்தார்கள். அந்த மாத வசூலில் பதினாறு வீடுகள் திரும்பி வந்தன. நான் தயாரித்த அறிக்கை ஒன்பது பக்கம். அதைப் படித்துவிட்டு வந்ததாக ஒருவர்கூடச் சொல்லவில்லை.

2022 கடைசியில் 108 வீடுகள். மீதி 34 வரவில்லை. சிலர் காப்புறுதி எடுத்துவிட்டார்கள், சிலர் வீடு மாறிவிட்டார்கள், சிலருக்கு மனம் ஒப்பவில்லை.

இரண்டு சேதங்கள் ஆறவில்லை. பெயர்களை மறைத்ததால் ஊகம் ஓடியது. பட்டியலிலேயே இல்லாத ஒரு குடும்பத்தை, தகப்பனுக்கு வேலை போயிருந்தது என்பதற்காகவே, பாக்கிக்காரர்கள் என்று பேசினார்கள். அந்த அம்மா தன் கார்டை எடுத்துக்கொண்டு வந்து பொருளாளரிடம் காட்டி அழுதார். மற்றது, பெரியக்காவின் மகன். வங்கி அறிக்கையைப் பொதுக்கூட்டத்திலேயே காட்டினோம். யாரும் மறுக்கவில்லை. ஆனாலும் இன்றைக்கும் அந்த மோட்டாரைக் குறித்து ஒரு சொல் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. மனவியலாளர் பால் ஸ்லோவிக் 1993இல் எழுதியதுபோல, நம்பிக்கையைக் கெடுக்கும் செய்தி கண்ணில் படும், மனதில் தங்கும். கட்டும் செய்தியோ பெரும்பாலும் ஒரு நிகழ்ச்சியாகவே தெரிவதில்லை. பணத்தை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பதில் சொல்ல என்ன கதை இருக்கிறது? அவர் இப்போது ஜொகூரில் வேலை பார்க்கிறார்.

மாற்ற வேண்டியவை

இதே நிலையில் உள்ள சங்கங்கள் பல இருக்கும், அவர்களுக்காகச் சில சொல்கிறேன். மூன்று மாத விதிதான் ஆணிவேர். கண்டிப்பான விதி ஒன்றை எழுதிவிட்டு, அதை நடைமுறைப்படுத்தும் வேலையை இளகிய மனம் உள்ள ஒரே ஆளிடம் கொடுத்தால், அவர் ஒன்று மனதைக் கொல்ல வேண்டும் அல்லது கணக்கை. கஷ்டப்படும் வீட்டுக்கு அவகாசம் கொடுக்கும் வழியை விதிக்குள்ளேயே வைக்க வேண்டும்.

அவசரத்துக்குப் பணம் எடுக்க மாற்றுக் கையெழுத்து ஒன்று எப்போதும் இருக்க வேண்டும், இருவரும் ஒரே மாநிலத்தில் இருப்பார்கள் என்று எண்ணக்கூடாது. பணம் தாமதமானாலோ குறைந்தாலோ, இறந்தவர் வீட்டுக்கு மட்டும் சொன்னால் போதாது, பெயர் இல்லாமல் ஒரே வரியாக எல்லா உறுப்பினருக்கும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். மே மாதம் அந்த ஒரு வரி போயிருந்தால் ஜூலைக் குரல்பதிவுக்கு வேலை இருந்திருக்காது. கணக்காய்வாளர் கையெழுத்துக்குப் பக்கத்தில் எந்தெந்தப் பக்கங்களைப் பார்த்தார் என்று எழுத ஒரு கட்டம் இருக்கட்டும்.

குலுக்கலைப் பற்றி எனக்கு முழு நிம்மதி இல்லை. ஜப்பானிய மனவியலாளர் தோஷியோ யமகிஷி, ஆளின்மேல் வைக்கும் நம்பிக்கை வேறு, ஏமாற்ற முடியாத ஏற்பாட்டால் வரும் உத்தரவாதம் வேறு என்று பிரித்தார். இப்போது இங்கே கூடியிருப்பது பெரும்பாலும் இரண்டாவது. லாரி ஓட்டுநரிடம் போன வருடம் கேட்டேன். "இப்ப பயம் இல்லைண்ணே. ஆனா முன்ன மாதிரி பெரியக்கா உள்ள வந்து உக்காந்து பேசறதில்லை, கூட இன்னொருத்தர் இருக்காருல்ல" என்றார். வசூல் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் முடிந்துவிடுகிறது. முன்பு சாயங்காலம் வரை ஆகும்.

2023 ஆண்டுக் கூட்டத்தில் விதித் திருத்தம் ஏற்கப்பட்டது. கட்ட முடியாத வீட்டுக்கு ஆறு மாதம் வரை அவகாசம், ஒரே நேரத்தில் இத்தனை வீடுகளுக்கு மேல் இல்லை என்ற வரம்பு, செயலவையில் இருவர் மட்டும் அறிந்த தனிப் பதிவேடு, கணக்கில் மொத்தத் தொகை மட்டும் தெரியும். வரைவில் இருந்த பத்து வீடு போதாது என்று பெரியக்கா கைதூக்கிச் சொன்னார், பதினைந்து கேட்டார். வாக்கெடுப்பில் பன்னிரண்டுக்கு முடிந்தது. திருத்தம் சங்கப் பதிவிலாகாவின் ஒப்புதலுக்குப் போனது.